கண்ணை மூடச் சொன்னார்கள்

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்டே. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பயந்தாங்கொள்ளியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அவனை மட்டும் இளப்பமாக நினைத்துவிடாதீர்கள்.

அவன் பஸ் ஓட்டுகிறவன். எல்லோருக்கும் அவன் டிரைவர்தான். மனைவி தையல்காரி. அவளுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஆரம்பித்ததிலிருந்து உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. தன் உடுப்புகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். அடுத்த அறையில் மெஷின் ஓடினாலே டிரைவர் கதவோரம் வந்து நின்றுவிடுவான். இன்னும் எவ்வளவுதான் பிடிப்பாள்?

வேலையில் முன்னும் பின்னும் பார்த்தே பழகிய கண். வீட்டுக்கு வந்தால் அது அவள் மேலேயே இருக்கும். அவள் இருமினால் பதறி எழுவான். இருமாவிட்டாலும் பதறி எழுவான்.

அன்று காலை அவள் சொன்னாள்: "இன்னிக்கு மருந்து ஏத்திக்க வேணாங்க. இனிமேலும் வேணாம்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பாதியில நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"அவரா வாந்தி எடுக்கறாரு?"

"ஆஸ்பத்திரி யோகா வகுப்புக்காவது வா. அப்புறம் உன் இஷ்டம்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனான்.

ஆஸ்பத்திரியில் கீமோ அறைக்குப் பக்கத்தில் ஒரு கூடம். நோயாளிக்கு ஒரு பாய், கூட வந்தவருக்கு ஒரு பாய். "மருந்துக் குழாய் வெச்ச பக்கம் கையைத் தூக்காதீங்க. முடியலன்னா நாற்காலில உட்காருங்க, தப்பே இல்ல" என்று டீச்சர் பதமாகத்தான் செய்யவைத்தாள். கழுத்தைத் திருப்பினார்கள், தோளை உருட்டினார்கள். பிறகு டீச்சர், "எல்லாரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்க. சவாசனம்" என்றாள்.

டிரைவர் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். "என்ன டீச்சர், இங்க வந்து சவம் கிவம்னு! வேற நல்ல வார்த்தையே கிடைக்கலியா?"

அடுத்த பாயில் குல்லாய் போட்ட பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். "படு தம்பி. பேருதான் அப்படி. நான் இங்க வரப்பல்லாம் செத்துட்டு, எழுந்து வீட்டுக்குப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், தையல்காரியும்தான். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மறுபடி அசையாமல் கிடந்தாள். முகத்தில் புருவம்கூட இல்லை. ஒருக்களித்துப் படுத்து, அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான்.

"ஏங்க," கண்ணைத் திறக்காமலே அவள் கிசுகிசுத்தாள். "மூச்சு வருதான்னு பார்க்கறீங்களா?"

"இல்லியே."

"ராத்திரியும் இதே வேலைதான். நான் தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். மருந்தைக்கூடப் பொறுத்துக்குவேங்க. அது முடிஞ்சதும் உங்க முகத்தைப் பார்க்கணுமே, அதான் முடியல. அதைப் பார்த்தா நான் போயே போயிட்டேன்னு தோணுது."

"நான் என்னதான் செய்யறது?"

"டீச்சர் சொன்னதைச் செய்யுங்க. கண்ணை மூடுங்க."

சின்ன வேலைதானே என்பீர்கள். அவனுக்கு உயிர் போய் வந்தது. மூடினான். மின்விசிறிச் சத்தத்தில் அவள் மூச்சு கேட்கவில்லை. இப்போது நின்றிருந்தால்? இதோ, இந்த நிமிஷம்? தொட்டுப் பார்க்க அவன் கை நகர்ந்தது. பாயின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. "மூச்சை மெதுவா விடுங்க" என்றாள் டீச்சர். விட்டான். விடும்போதெல்லாம் அவளையே விட்டுவிடுவதுபோல் நெஞ்சு பதறியது. இருந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

யாரோ தோளை உலுக்கினார்கள். "எழுந்திரு தம்பி," என்றார் பெரியவர். "நீ விட்ட குறட்டைல எங்க சவமெல்லாம் எழுந்துடுச்சு."

பக்கத்துப் பாய் காலி.

எழுந்து ஓடினான். கீமோ அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் மருந்துக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கறப்ப உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு," என்றாள் தையல்காரி. "போய்ப் படுங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

அங்கேயே நிற்கத்தான் அவன் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் திரும்பிப் போனான். பாயில் படுத்தான். பயமும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவன் கண்ணை மூடினான்.

அவள் பிழைத்தாளா என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மருந்து ஏறியது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் படுக்கிறவர்கள் எல்லோரும் விடிந்ததும் எழுந்து உட்காரட்டும். பக்கத்தில் காவல் இருக்கிறவர்களுக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.