ஒளிய இடமில்லாத வீடு

"விதியில ஒரு வரி கூடச் சேர்த்தா என்ன குடிமுழுகிப் போகுது ஷீலா?" என்று கேட்டார் நாச்சியப்பன் அண்ணன். பிரபுவின் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. "பாரம்பரியத்துக்குப் பத்து மார்க்குன்னு போடு. எல்லாத்துக்கும் பொதுவாத்தானே கேக்குறேன்?"

பொதுவாம். போட்டிக்கு வந்திருந்த மேப்புகளில் பாரம்பரியம் என்று சொல்லத் தக்கது ஒன்றே ஒன்றுதான். அவருடைய மகன் காசிவிஸ்வநாதன் செய்தது. அதற்கு மார்க் குறைந்தது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காரைக்குடியைச் சுற்றி நாங்கள் ஒரு கூட்டம் பேர் கம்ப்யூட்டரில் ஒளிந்து பிடித்து விளையாடுகிறவர்கள். ஒருவர் தேடுவார், மற்றவர்கள் ஒளிவார்கள். ஒளிகிற இடத்தை, அதாவது மேப்பை, நாங்களே கட்டுவோம். வருஷத்துக்கு ஒரு போட்டி. ஜெயிக்கிற மேப்பில்தான் அந்த வருஷம் முழுக்க விளையாட்டு. எல்லோரும் சேர்ந்து விளையாடுகிற சர்வருக்கு வாடகை கட்டுவது நாச்சியப்பன் அண்ணன். செக்காலை ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். போன வருஷம் லைக்கை எண்ணி முடிவு சொன்னார்கள். மலேசியா, சிங்கப்பூர் என்று சொந்தபந்தம் அதிகம் உள்ளவருடைய மேப் ஜெயித்தது. ஒரு வாரத்துக்குமேல் அதை யாரும் சீந்தவில்லை. என் மேப்புக்கு விழுந்ததெல்லாம் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவின் லைக்குகள்தான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த வருஷம் தீர்ப்பு முறையை நான் எழுதுகிறேன் என்று கையைத் தூக்கினேன். மேப்பில் செய்தவர் பேர் இருக்காது, எண் மட்டும். நடுவர்கள் மூவரும் வெறும் படத்தைப் பார்த்து மார்க் போடக் கூடாது. ஒரு தடவை தேடி, ஒரு தடவை ஒளிந்து, விளையாடித்தான் போட வேண்டும். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. மார்க் போட ஆரம்பித்த பிறகு விதியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. விதி எழுதுகிறவளே போட்டியிலும் நின்றால் யார் நம்புவார்கள்? மாதக்கணக்கில் கண் விழித்துக் கட்டிய என் மேப்பை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. விதிகளைக் குழுவில் போட்டபோது முதலில் கைதட்டியவர் இதே அண்ணன்தான்.

"போட்டு முடிச்ச மார்க்குண்ணே. இனிமே மாத்துனா அது போட்டியில்ல."

"போன வருஷம் தோத்த கடுப்பை எம்மகன் மேல காட்டுறியாத்தா?"

சுருக்கென்று தைத்தது. முடிவைத் தெரிந்துகொள்ள வந்து வரிசையாக உட்கார்ந்திருந்த குழுவினர் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அழுதுவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

"உக்காருங்கண்ணே. உங்க வீட்டுல நீங்களே ஒளியுங்க, நான் தேடுறேன். மார்க்கை மாத்துறதுக்கு இல்ல. அது ஏன் அப்படி வந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கிருவீக."

உட்கார்ந்தார். காசி கட்டியிருந்தது கீழச்சிவல்பட்டியில் இருக்கும் அவர்களுடைய வீட்டை. பேரை மறைத்தென்ன, அந்த முகப்பைத் தெரியாதவர் யார்? தூணும் தரையும் கண்ணைப் பறித்தன. படத்தை மட்டும் பார்த்திருந்தால் நடுவர்களுக்கு மார்க் குறைக்க மனசே வந்திருக்காது. ஆனால் விளையாடியதும் மூவருமே குறைத்திருந்தார்கள். முகப்பிலிருந்து கொல்லைப்புறம் வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில். தலைவாசலில் நின்றாலே கடைசிக் கதவு தெரியும். அண்ணன் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஓடி ஓர் அறைக்கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. அடுத்ததும் பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. நான் நின்ற இடத்தை விட்டு நகராமலே அவரைக் கண்டுபிடித்தேன். மூன்று தடவை ஆடியும் அப்படித்தான்.

"ஏன்டா எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கே?" என்று பக்கத்தில் இருந்த மகனிடம் பாய்ந்தார்.

"நெசத்துலயும் பூட்டித்தானே அப்பச்சி இருக்கு" என்றான் காசி, அப்பாவிடம். "பங்காளிக அவுகவுக பங்கு அறையப் பூட்டி, சாவியையும் கொண்டுபோயிட்டாக. உள்ள எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லையே."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்தார். "நான் வாடகை கட்டுற சர்வருல என்னையவே கேலிப்பொருளாக்குறீகளா? இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

பயமாகத்தான் இருந்தது. சர்வர் போனால் குழுவே போய்விடும்.

"நிறுத்துறதுன்னா நிறுத்துங்கண்ணே" என்றேன். சொல்லிக்கொண்டே முடிவை வெளியிடும் பட்டனை அழுத்தினேன். அதுவரை எனக்கே தெரியாத பேர்கள் வரிசையாகத் திறந்தன. முதலிடம், காரைக்குடிச் சந்தையை மூட்டையும் தார்ப்பாயும் தராசுமாகக் கட்டிய மேப். செய்தது நேமத்தான்பட்டிக் காளியாயி. வரிசையின் கோடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் போனில், "சர்வர் விஷயமாப் பேசணும், கொஞ்சம் லைன்லயே இருங்க" என்றார்.

பிரபு சந்தை மேப்பைப் பென் டிரைவில் ஏற்றி முதல் கம்ப்யூட்டரில் இருந்தவரிடம் நீட்டினான். சர்வர் இல்லாவிட்டால் என்ன, இந்த அறைக்குள்ளேயே இழுத்திருக்கிற ஒயரில் விளையாடலாம். ஒருவர் ஏற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம். வரிசையின் நடுவில் இருந்த நாச்சியப்பன் அண்ணனிடமும் அது வந்தது. யோசிக்காமல் வாங்கிவிட்டார். ஒரு கையில் பென் டிரைவ், மறு கையில் போன். போனுக்குள் யாரோ "சொல்லுங்க சார், ஹலோ, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பச்சி, இங்குட்டுக் குடுங்க" என்றான், அடுத்த நாற்காலியில் இருந்த காசி. நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.