ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

ஐஸ் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரின் வயரைச் செருகினான் அருள்குமார். உறுமிக்கொண்டிருந்த பெட்டி ஒருதரம் குலுங்கி அடங்கியது. அதற்குள்தான் சசிகுமார் கிடந்தான்.

"அஞ்சே நிமிசமுங்கக்கா. போட்டோவ ஏத்தீட்டு மறுபடி மாட்டிர்றனுங்க."

கீதாஞ்சலியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் கீழே கிடந்த வயரையே பார்த்தாள்.

வீரபாண்டியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். இன்டர்நெட்டுக்கான டெலிபோன் வயர் வந்து இறங்குவதும் அந்தச் சுவரில்தான் என்பதால் கம்ப்யூட்டரும் முன்னறையிலேயே இருந்தது. பிணத்துக்குக் கரண்டா, கம்ப்யூட்டருக்குக் கரண்டா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் திருமூர்த்தி. சசி வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி. அருள்குமார் அவருடைய அக்கா மகன். பெரிய ரோஜா மாலை ஒன்றைப் பெட்டி மேல் சார்த்திவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே வெளியே போனவர், அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"தப்பா நெனைக்காத கண்ணு. ஜெர்மனிக்காரன் மத்தியானம் தொறந்து பாப்பான். சேம்பிள் படம் இல்லீன்னா ஆர்டர வேற எவனுக்காச்சும் தூக்கிக் குடுத்துருவான். கம்பெனி மெசின் பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும், இந்த மெசின்ல கேக்காதாமா. சசி இருந்திருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கறன்? அவனே பண்ணியிருப்பான்."

சசி இருந்திருந்தா! நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில், கம்பெனியில் இதே படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் கவிழ்ந்தான் சசி. அதை இந்த மனுசன் கூசாமல் சொல்கிறார்.

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கீதாஞ்சலி மாமனாரைப் பார்த்தாள். சின்னான் அதே கம்பெனியில் வாட்ச்மேன். முதலாளி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதையே நம்ப முடியாமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"சாமி நேர்ல வந்து கேக்கறாங்கல்ல, உடு கண்ணு" என்றார்.

மாமியார் காளியாத்தாள் முறத்தை எடுத்து வந்து பெட்டியின் கண்ணாடிக்கு மேலே வீச ஆரம்பித்தாள். கண்ணாடியைத் தாண்டி அந்தக் காற்று மகனுக்குப் போகாது என்று அவளுக்கும் தெரியும்.

கம்பெனியின் வெப்சைட் வெறும் படம் காட்டும் சைட் அல்ல. சரக்கு வாங்கும் ஒவ்வொரு பையரும் தன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்தால், தன் சரக்கு நிட்டிங்கில் இருக்கிறதா, சாயத்தில் இருக்கிறதா, தையலில் இருக்கிறதா என்று அன்றன்றைய நிலவரம் தெரியும். அத்தனையும் சசி ஒருத்தன் எழுதியது. முதலாளி காலையில் ஒன்று கேட்பார், சாயங்காலம் வேறொன்று கேட்பார். ஆரம்பத்தில் எழுதிய ஃபைல்களையெல்லாம் அள்ளி 'பழசு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தான், பிறகு பிரித்து அடுக்கிக்கொள்ளலாம் என்று. சரக்கு விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸோடு பேசும் ஃபைலும் அதற்குள்ளேயே தங்கிவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது முதலில் 'பழசு'க்குள் போய் வந்துதான் ஆக வேண்டும்.

கீதாஞ்சலியும் அவன் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவள்தான். "இதென்னுங்க கூத்து! ஊட்டுச் சாவியக் குப்பக்கூடைல போட்டு வெச்சிருக்கீங்க. வெளிய எடுத்து வேற பேருல வைங்க" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். "மொதலாளி ஒரு நாளு சும்மா உடட்டும், வெக்கறேன்" என்பான். அவர் எங்கே விட்டார்?

"ஏனுங் மாமா, படம் ஏற மாட்டீங்குது. சர்வர்ல எடமில்லையாமா" என்றான் அருள்குமார்.

"எதையாச்சும் எடுத்துட்டு ஏத்தறது?"

"பழசுன்னு ஒரு ஃபோல்டர் கெடக்குதுங்க."

"பழசா? தூக்கி வீசு. போன சீசன் சரக்கெல்லாம் வேஸ்ட் குடோனுக்குத் தள்றமில்ல, அப்பிடித்தான்."

கீதாஞ்சலி பாதி எழுந்துவிட்டாள். "ஐயோ, அதைத் தொடாதீங்க!"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "புருசன் கெடக்கறான், இவளுக்குக் கம்ப்யூட்டர் பேச்சக் கேளு" என்று முகவாயை இடித்துக்கொண்டாள். இன்னொருத்தி கீதாஞ்சலியின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பெட்டியின் வயரைப் பிடுங்கியபோது இவர்களில் ஒரு வாய் திறக்கவில்லை. தூ, என்ன ஜென்மங்களோ!

கொஞ்ச நேரத்தில் அருள்குமாரின் குரல் மாறிவிட்டது. "மாமா... வெறும் வெள்ளையா வருதுங்க. எந்தப் பக்கமும் தொறக்கலீங்க."

திருமூர்த்தி செருப்போடு உள்ளே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், கீதாஞ்சலியைப் பார்த்தார். "கண்ணு, உனக்கு இது தெரியுமாமில்ல?"

"மொதல்ல வயரப் பொட்டீல மாட்டுங்க."

"மாட்டுனா கம்ப்யூட்டர் நின்னு போயிருமில்ல? நீ சட்டுனு இத முடிச்சுக் குடு, உடனே மாட்டிரலாம். சின்னா, சொல்லு உன்ற மருமகளுக்கு."

சின்னான் சொல்ல வாயெடுப்பதற்குள் கீதாஞ்சலி பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து முகம் மங்கியிருந்தது. பெட்டியின் ஓரத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. அந்த ஈரத்தில் முதலாளியின் செருப்புத் தடம். சித்திரை மாத வெயில், மேலே தகரக் கூரை. இவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் அவன்தான் கெடுவான்.

அவள் எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடியாமல், அவன் வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கீபோர்டைத் தொட அருவருப்பாக இருந்தது. அருள்குமாரின் வேர்வை அதில் பிசுபிசுத்தது.

சர்வரில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று அவளுக்குத் தெரியும். புது யூனிட்டில் ரிப்பன் வெட்டும் திருமூர்த்தி, குத்துவிளக்கேற்றும் திருமூர்த்தி, பொன்னாடையோடு திருமூர்த்தி. சின்னதாக்கிப் போட்டால் தெளிவு போய்விடும் என்று அவரே அடம்பிடித்து முழு அளவில் ஏற்றச் சொன்ன படங்கள். ஒன்று பாக்கியில்லாமல் அழித்தாள். வீட்டு மெஷினில் இருந்த 'பழசு' ஃபோல்டரை எடுத்து, பழைய இடத்திலேயே மறுபடி ஏற்றினாள். அதன் பின்னாலேயே சேம்பிள் படங்களும் ஏறின.

வெள்ளைத் திரையில் பக்கம் விரிந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சுங் மாமா!" என்று அருள்குமார் கத்தினான். வாசலில் இருந்த கம்பெனி ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். எழவு வீட்டில்! கீதாஞ்சலி யாரையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அணைக்காமலே வயரைப் பிடுங்கினாள். கீழே கிடந்த வயரை எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்துச் செருகினாள். பெட்டி உறுமியது. காளியாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்தி, பாடையை வாசலில் இறக்கினார்கள். வாய்க்கரிசித் தட்டு வந்தது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். சின்னான் தட்டோடு நேராகத் திருமூர்த்தியிடம் போனார்.

"மொதல்ல சாமி கையால போட்டுக் குடுங்க. அவன் குடுத்து வெச்சவன்."

திருமூர்த்தி கை நிறைய அள்ளிக்கொண்டு, பாடையை நோக்கிக் குனிந்தார். கீதாஞ்சலி குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க போட வேண்டாமுங்க."

"என்ன கண்ணு?"

"பெத்தவங்களும் ஒறம்பரச் சனமும் போடறதுங்க இது. நீங்க வந்த வேலதான் ஆயிப்போச்சுங்களே."

அவள் குரல் உயரவில்லை, மரியாதைக்கும் ஒரு குறைவில்லை. சின்னான் பதறி, "ஏய்" என்று ஆரம்பித்தார். அதற்குள் காளியாத்தாள் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு, முதலாளியை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், மகன் வாயருகே குனிந்தாள். அவளுக்குப் பின்னால் கீதாஞ்சலி. வரிசை நகர்ந்தது.

திருமூர்த்தி ஓரமாக நின்றார். பிணத்துக்கென்று அள்ளிய அரிசியைத் தட்டில் திருப்பிப் போட முடியாது. கீழே கொட்டவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பாடையைத் தூக்கினார்கள், பறை முழங்கியது, கூட்டம் அவரைக் கடந்து தெருவில் இறங்கியது. மூடிய கையோடு கார் வரைக்கும் நடந்து போய், "இத எங்கடா போடறது?" என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் காரை விட்டு இறங்கி, போகிற பாடையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.