மூக்கைத் தூக்கும் வண்டி

கான்டிராக்டர் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். தரையோடு தரையாகப் போகும் வண்டி. அதன் மூக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் செருப்பை நுழைக்கலாம், ஷூவை நுழைக்க முடியாது. ஊரில் இருக்கும் வேகத்தடைகளில் பாதி அவர் போட்டவை. அவை சட்டத்தை மீறி எவ்வளவு உயரம் என்பது அவர் ஒருவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அதனால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும் கருவியையும் சேர்த்தே வாங்கினார்.

பட்டனை அழுத்தினால் வண்டி மூக்கை நாலு விரல்கடை உயர்த்திக்கொள்ளும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று திரையில் கேட்கும். ஆமாம் என்று தட்டிவிட்டால், அடுத்த முறை அங்கே போகும்போது தானாகவே தூக்கிக்கொள்ளும். கேட்டபோதெல்லாம் கான்டிராக்டர் ஆமாம் என்றே தட்டினார். வாழ்நாளெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது.

அவர் மனைவி முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவே டீச்சர் என்று கூப்பிடும். அந்தக் கருவி தண்டம் என்பது டீச்சரின் கட்சி. இரண்டு மாதம் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. வண்டியைத் தூக்க பட்டன் இருக்கிறது, உங்களைத் தூக்க எங்கே பட்டன் என்று ஒருநாள் கேட்டுவிட்டு, கையோடு ஒரு கண்டிஷனும் போட்டார். வண்டியிலிருந்து இறங்கும்போது 'அம்மா' என்ற முனகல் என்றைக்குத் தன் காதில் விழுகிறதோ, அன்றைக்கே வண்டியை விற்றுவிட வேண்டும். கான்டிராக்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்போது இடுப்பு நன்றாக இருந்தது.

கண்டிஷன் போட்ட மூன்றாவது வாரமே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதில் ஏறுவது பாயில் உட்காருவது மாதிரி, இறங்குவது அதைவிட மோசம். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் டீச்சர் விசுக்கென்று இறங்கி உள்ளே போய்விடுவார். அவர் தலை மறையும்வரை கான்டிராக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் இல்லாத ஆளோடு சிமென்ட் விலை பேசுவார். பிறகு ஒரு காலை வெளியே போட்டு, கதவைப் பிடித்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்திருப்பார்.

வண்டியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் புழுதி தின்றவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போது காலேஜ் பிள்ளைகள் வண்டியைப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று ஓட்டுகிறவரையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காக எந்த வலியையும் தாங்கலாம் என்று இருந்தது. எனவே செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம், ஓட்டாமல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லிக் கிளம்பிப்போய், ஊரின் மறுகோடியில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் குப்புறப் படுத்தார். வண்டியால் வந்த வலிக்கு வைத்தியம் பார்க்க அதே வண்டியில் போய் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். எட்டு மாதம் இப்படி ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை டீச்சருக்குக் கண்ணாடி மாற்ற இருவரும் கிளம்பினார்கள். பெரிய ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தது. தோண்டியது அவருடைய ஆட்களே. மாற்றுப்பாதை அவர்களை ஒரு சின்னத் தெருவுக்குள் கொண்டுபோய் விட்டது. முன்னால் குப்பை லாரி நின்று நின்று போக, அதைத் திட்டுகிற மும்முரத்தில் இது எந்தத் தெரு என்று அவர் கவனிக்கவில்லை. வண்டி கவனித்தது. மேடுமில்லை, பள்ளமுமில்லை, சமமான ரோட்டில் 'உஸ்' என்று மூக்கைத் தூக்கிக்கொண்டது.

டீச்சர் ரோட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். செங்குத்தான சரிவோடு ஒரு கேட், அதன்மேல் முதுகெலும்புப் படம் போட்ட பலகை. காவலாளி ஓடிவந்து கேட்டை விரியத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறும்மா, சொல்லி சரி பண்ணிடறேன்" என்றார் கான்டிராக்டர்.

"வாட்ச்மேனுக்குமா கோளாறு?" என்று கேட்டார் டீச்சர். "உள்ள திருப்புங்க."

உள்ளே பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். சார் வருகிற நாள் இல்லையே என்று முதலில் குழம்பினாள், பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அவங்க? கல்யாண நாள் அன்னைக்கு உங்களைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினதுலதான் சாருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். எட்டு மாசமா வர்றார், இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

கழுத்தில் பட்டை கட்டி உட்கார்ந்திருந்த இருவர் உடம்போடு திரும்பி, டீச்சரைக் கண்ணாலேயே எடை போட்டார்கள். கான்டிராக்டர் தரையின் டைல்ஸைப் பார்த்தபடி நின்றார். சொந்த மனைவியைப் பாரமாக்கி வண்டியின் பழியை அவள் தலையில் கட்டிய ஆள், வேறு எதைப் பார்க்க முடியும்? டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் காற்றில் பறந்துவிடும்.

"ஆமாம்மா" என்றார் டீச்சர். "மூணு மாடி."

திரும்பும் வழியில் கான்டிராக்டருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. டீச்சரே பேச்சை ஆரம்பித்தார். "எட்டு மாசமா வலியோட படுத்திருக்கீங்க. பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தெரியலை. அதுதான் எனக்கு வலிக்குது."

அப்படியானால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதானே என்று அவர் மெல்லக் கேட்டார். கணக்கு டீச்சர் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. போட்ட கண்டிஷன் முனகல் காதில் விழுந்தால் என்பதுதான், இதுவரைக்கும் தன் காதில் ஒன்றும் விழவில்லை, விழாதவரைக்கும் வண்டி அவருடையது என்று சொல்லிவிட்டார்.

வாசலில் வண்டி நின்றது. டீச்சர் இறங்கினார், ஆனால் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து நின்றார். கான்டிராக்டரின் கை தன்னால் போனை எடுத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்தார். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, எட்டு மாதத்துக்கும் சேர்த்து நிதானமாக "அம்மா" என்றார்.