எண்ணெய் காணாத மூன்று மாதம்

பள்ளிக்கூட டீச்சருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் எதையும் ஊதக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் படுக்கையிலிருந்தபடியே கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, என் கிளாரினெட் மரம் காஞ்சுடும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உள்ள எண்ணெய் போடணும். துணியில நாலு சொட்டு விட்டு, குழல் வழியா இழுத்தா போதும். விரலால அமுக்குற சாவிக்கு அடியில இருக்கிற பஞ்சுல மட்டும் படாம பாத்துக்குங்க."

"அதெல்லாம் பாத்துக்கிறேன், நீ படு," என்றார் கணவர்.

அவர் பஸ் டிரைவர். பகல் முழுக்க ஹாரனும் கண்டக்டர் விசிலும் காதைக் குடைந்தெடுக்கும். வீட்டுக்கு வந்தால் டீச்சரின் கிளாரினெட் சாதகம் ஒரு மணி நேரம். பதினொரு வருஷமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதுதான் வீடு அமைதியானது. அந்த அமைதி பழகிப்போக, கிளாரினெட் பெட்டியைத் திறக்கவே அவருக்குக் கை வரவில்லை.

"போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அந்தப் பொய்க்குச் சாட்சியும் தயார் செய்தார். வாரம் தவறாமல் எண்ணெய்ப் புட்டியை எடுத்துப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடையில் ஊற்றினார்.

மூன்று மாதம் முடிந்த காலையில் டீச்சர் பெட்டியைத் திறந்தாள். குழலின் மேல் பாகத்தில், தலைமுடி கனத்தில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். பாதி காலியான புட்டியையும் விரிசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க இவ்வளவு எண்ணெய் போட்டும் வெடிச்சிருக்கே. நான்தான் ஜன்னல் பக்கமா வைக்கச் சொன்னேன். என் தப்புதான். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாத்தியம் சரிசெய்பவரிடம் ஓடினார். சரிசெய்பவர் குழலை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.

"இது எண்ணெய் மோந்தே பல மாசமாச்சே, சார். யாரு பாத்துக்கிட்டது?"

"நான்தான்," என்றார் டிரைவர்.

வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சாக்கடையில் ஊற்றியதையும் விடவில்லை.

டீச்சர் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நான் வாசிக்கிறது உங்களுக்குப் பிடிக்கவே இல்லையா?"

"வாசிப்பு பிடிக்கும். அந்த நேரந்தான்... பஸ்ஸை விட்டு இறங்கினதும் காது கெஞ்சுது."

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. மரத்தை எதுக்குங்க பழி வாங்கினீங்க?"



விரிசலைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்தார்கள். ஓசை கெடவில்லை. ஆனால் டீச்சர் அதன்பின் வீட்டில் வாசிப்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் காலி வகுப்பறையில் வாசித்துவிட்டு வந்தாள். சமையல், துணி, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் பேசினாள். கிளாரினெட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார் டிரைவர். மூன்றாவது வாரம், டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வகுப்பறை வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் டீச்சர் வாசிப்பை நிறுத்தினாள்.

"காது வலிக்கப்போகுது," என்றாள்.

"வலிக்கட்டும்."

அவள் உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, அவர் உட்கார்ந்துகொண்டார். அவள் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.