கடைசியாக ஏறுகிறவர்

நிசாந்தன் மடிக்கணினியைத் திறந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவைதீவு இறங்குதுறைக்கு வந்தான். மூடினால் இணைப்பு அறுந்துவிடும். அம்மா சறோஜினிதேவியை ஏற்கெனவே வள்ளத்தில் சாய்த்து இருத்தியிருந்தார்கள். காலையிலிருந்தே அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கனடாவிலிருக்கும் அக்கா கம்சிகாவுக்கு அனுப்பும் செய்தியை அவன் சொல்லச் சொல்ல, கைபேசி எழுதிக்கொண்டது.

"அக்கா, அம்மாவை ஏத்தியாச்சு. ஊர்காவற்றுறையில அம்புலன்ஸ் நிக்குது. பயப்பிடாதையுங்கோ."

குரல் நடுங்கியதை எழுத்து காட்டவில்லை.

அவன் இருப்பது லண்டனில். அம்மாவைப் பார்க்க வந்த இடத்துக்கும் வேலை பின்னாலேயே வந்திருந்தது. அங்குள்ள ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே படங்களைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். பின்னேரம் பழையதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் நோயாளரின் படம் ஒன்றும் அதில் மிஞ்சக்கூடாது. படங்களை எட்டுப் பகுதியாக மாற்ற எட்டுக் கட்டளைகள். ஒன்று முடிய மற்றது என்று விட்டால் பொழுதுபட்டுவிடும். வள்ளம் அதுவரை நிற்காது. ஆகவே ஏழு கட்டளைகளைப் பின்னணியில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மிகப் பெரிய எட்டாவதை முன்னணியில் வைத்தான். அது முடிந்ததும் பழையதை அழி என்று கடைசி வரியில் எழுதினான். பெரியதுதானே கடைசியாக முடியும்.

எழுவைதீவில் கடைசியாக ஏறுகிறவர்தான் கயிற்றை அவிழ்ப்பது. சின்ன வயதிலிருந்து கண்ட பழக்கம். அம்மா இருக்கிறார், ஓட்டி ஏரம்பு எஞ்சினடியில் நிற்கிறார். அவன் குனிந்து கயிற்றில் கைவைத்தான்.

"டேய் தம்பி, அவிழ்க்காதை." பக்கத்து வீட்டு யூலியானா அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். "கொம்மாவின்ர நெஞ்சுப் படம் என்ர கையில கிடக்கு. என்னை விட்டிட்டுப் போய் டொக்டருக்கு என்னத்தைக் காட்டப் போறாய்?"

அவன் கயிற்றை விட்டு நிமிர்ந்தான். எட்டாவதற்கு மற்ற ஏழும் முடிந்தனவா என்று தெரியாது; அது முடிந்த உடனே, இன்னும் மாறாத படங்களும் சேர்ந்து அழிந்துவிடும். எல்லாம் முடியும்வரை பொறு என்ற ஒரு வரியை அவன் எழுதவேயில்லை.

திரையைப் பார்த்தான். எட்டாவது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மூன்றாவதும் ஐந்தாவதும் பாதிகூட வரவில்லை. வேறெங்கும் பிரதி இல்லை. யாரோ தெரியாத அம்மாமாரின் நெஞ்சுகள். நிறுத்தும் விசைகளை அழுத்தினான். சிக்னல் ஒரு கோடுதான் நின்றது. திரும்பவும் அழுத்தினான். திரை அசையவில்லை.

ஒரு நிமிசம் பொறுக்கும்படி ஏரம்பு அண்ணையிடம் கெஞ்சினான். அவர் இவனைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

"அவவுக்கு உதடு நீலமாகுது. நிக்கிறதெண்டா நீர் இறங்கி நில்லும்."

அவன் வள்ளத்தில் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். யூலியானா அக்கா ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்.

"வேலை... முடிஞ்சுதே... ராசா?"

"ஓம், அம்மா."

கரை விலகியது. எட்டாவது தொண்ணூற்றெட்டில் நின்றது. கட்டளை நின்றுவிட்டதா, சிக்னல்தான் அறுந்ததா என்று தெரியவில்லை. கடல்நீர்த் துளியொன்று தெறித்து அந்த எண்ணின் மேல் விழுந்து, அதைப் பெரிதாக்கிக் காட்டியது. துடைக்க நீட்டிய விரலைத் திரையில் படாமல் அப்படியே வைத்திருந்தான்.