விளக்கு வந்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்ததும், திருஅப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன் தொங்கிய சிவப்பு விளக்கு சங்கிலியைக் கழற்றிக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே போனது. இடுப்பு உயரத்தில் மிதந்து, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள சந்தில் மெக்கானிக்கின் வீட்டுக்குள் நுழைந்தது. அன்று மழை இல்லை, வெங்காய விலை இறங்கியிருந்தது. ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக அல்லும் பகலும் எரியும் விளக்கு அது. அது இல்லாத இடத்தில் முழங்கால் போடலாமா கூடாதா என்று தெரியாமல் சனங்கள் பாதி வளைந்தபடி நின்றார்கள்.

மெக்கானிக்கின் மனைவியைத் தெருவில் சிடுமூஞ்சி என்பார்கள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. புருஷனுக்கு ஞாயிறும் ஷிப்டு. கிழவரைக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. பாடகர் குழுவை ஆட்டிப் படைத்தவர், ஜெபமாலையைக் கீழே வைக்காதவர், மருமகளை மட்டும் மனுஷியாக மதிக்காதவர். இப்போது பேச்சு போய்விட்டது. அவள் அன்பொழுகக் குளிப்பாட்டினாள் என்று சொன்னால் அது பொய். "கைய தூக்குங்க மாமா. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டதுக்கு நல்லா அனுபவிக்கிறேன்" என்று முணுமுணுப்பாள். ஆனால் தண்ணீரின் சூட்டை முழங்கையில் பார்த்துத்தான் ஊற்றுவாள், காதுக்குப் பின்னால் வரை துடைப்பாள்.

விளக்கைக் கண்டதும் அவள் வாளியைக் கீழே வைத்தாள். பூசைக்கு வராதவளைப் பிடிக்க ஆண்டவர் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாள். ஆண்டவருக்குத் தன் முகமே மறந்திருக்கும் என்பதுதான் அவளை உள்ளே அரித்த பயம். படுக்கும்போது ஜெபம் சொன்னால்கூட, 'விண்ணுலகில் இருக்கிற' என்ற முதல் வரியைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.

கிழவரைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை விளக்கு பக்கத்தில் இருந்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பியது, அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே வந்து போனது. கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடி, விளக்கு மாமனாரின் பக்தியைத் தேடித்தான் போகிறது என்று முடிவு கட்டியது. வாராவாரம் குளியலறை வாசலில் கூட்டம் முண்டியது. கிழவரின் ஈரக் கையை முத்தமிட்டார்கள். "கொஞ்சம் வழி விடுங்க, தண்ணி ஆறுது" என்று வாளியோடு நின்றவளை யாரும் கவனிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதுவரை எட்டிப் பார்க்காத நாத்தனார் கார் பிடித்து வந்தாள். "அப்பா என்கூட இருக்கட்டும் அண்ணி, நீங்களும் பாவம்" என்று கிழவரை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கிழவரோ அங்கே யாரையும் தன்மேல் கைவைக்க விடவில்லை. சனிக்கிழமையே நாத்தனார் போன் செய்தாள்: "நாளைக்கு மத்தியானம் கொண்டுவந்து விட்டுடறேன்." விளக்கு வந்து போகும்வரையாவது வைத்திருக்கலாம் என்பது அவள் கணக்கு. வாசலில் நாற்காலிகள் போட்டு, பூசை முடிந்ததும் வரச்சொல்லிப் பங்குத்தந்தையையும் அழைத்திருந்தாள்.

சிடுமூஞ்சி ஞாயிறு காலை பூசைக்குப் போகத்தான் சேலை எடுத்து வைத்தாள். ஆனால் மத்தியானம் கிழவர் வந்தால் படுக்க விரிப்பு வேண்டும். இருந்த ஒன்றும் மூத்திர வாடையோடு கிடந்தது. சேலையை மடித்து வைத்துவிட்டுத் துவைக்கும் கல்லுக்கு முன் உட்கார்ந்தாள். இன்று விளக்கும் வராது, தானும் போகப்போவதில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே சோப்புப் போட்டாள்.

மணி ஓய்ந்தது. விளக்கு பாலத்துப் பக்கம் திரும்பவே இல்லை. மருந்துக்கடையைத் தாண்டி, சந்தில் திரும்பி, கிழவர் இல்லாத வீட்டுக்குள் வந்து, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. நாலு வருஷத்துப் பயம் அவளைவிட்டு இறங்கிப் போனது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆண்டவரே, சோப்புத் தண்ணி தெறிக்கும்" என்றாள்.

விளக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. அவள் விரிப்பைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தாள்.