மாதங்கி திட்டாத வீடு

கீழ்முட்டூரில் சந்திரம்மா திட்டினால் ஜனங்கள் கும்பிடுவார்கள். அதுவும் கங்கம்மா ஜாத்திரை வாரத்தில் மட்டும். அவள் ஊரின் மாதங்கி. கல்யாணம் கட்டாமல் அம்மனுக்கென்று விடப்பட்டவள். மற்ற நாட்களில் பெரிய தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அந்த வாரம் மட்டும் கரகத்துக்கு முன்னால் பிரம்போடு வருவாள். தினமும் வீட்டுக்கு வீடு நின்று, வீட்டுக்காரனை அவன் பாட்டன் வரைக்கும் இழுத்து வைவாள். வேப்பிலையை மென்று முகத்தில் துப்புவாள். துடைக்காமல் நிற்பதுதான் மரியாதை. மாதங்கி வைத வீட்டில் அம்மை விளையாடாது என்பது ஊர் நம்பிக்கை. கடைசி நாளில் அவள் வாய் திறக்காமல் தாண்டிப் போனால் அம்மா அந்த வீட்டிலேயே தங்கிவிடுவாள் என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு வீட்டை யாரும் பார்த்ததில்லை.

இந்த ஊழியத்துக்கு ஊர் விட்ட மானியம், ஏரிக்குக் கிழக்கே ஒரு கேழ்வரகுக் கொல்லை. சந்திரம்மாவும் அவளுடைய விதவைத் தங்கை கிருஷ்ணம்மாவும் அதை நம்பித்தான் கஞ்சி குடித்தார்கள்.

அந்த வருஷம் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, நகரி ஆந்திராவில் நின்றது. கீழ்முட்டூரின் வீடுகள் ஆந்திராவில். ஏரிக்குக் கிழக்கே இருந்த நிலமெல்லாம் மெட்ராஸில். கொஞ்ச நாளிலேயே தணிகாசலம் மாதங்கிக் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டார். ஊரில் பெரிய கை அவர். கொல்லை அவருடைய கரும்புக்குப் பக்கத்தில் இருந்தது.

கேட்கப் போனவளிடம் அவர் நிதானமாகவே பேசினார். "நீ ஆந்திரா கங்கம்மாவுக்கு மாதங்கி. கொல்லை மெட்ராஸுக்குப் போயிடுச்சு. அந்த கவர்மெண்டுக்கு நீ இன்னா ஊழியம் பண்றே, சொல்லு."

"உங்க கரும்பும் அந்தப் பக்கம்தான போச்சு, அய்யா?"

"எனக்குப் பட்டா கீது. உனக்கு சாமிதான கீது?"

இந்தப் பக்கத்து ஆபீஸில், அது மெட்ராஸ்காரர்கள் விவகாரம், "அக்கட அடுகு", அங்கே போய்க் கேள் என்று கையை நீட்டினார்கள். அந்தப் பக்கத்து ஆபீஸில், ரெகார்டு இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜாத்திரைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் சந்திரம்மா. முதல் நாளே தணிகாசலம் வீட்டு வாசலில் நின்று, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"டேய் தணிகாசலம். ஏழைப் பொம்பளை கொல்லைய முழுங்கினவனே. நீ துன்ற வெல்லம் என் தங்கச்சி வவுத்துச் சோறுடா. செரிக்குமாடா உனுக்கு?"

கூட்டம் சிரித்தது. தணிகாசலம் துண்டை இடுப்பில் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னும் திட்டு தாயே. நல்லாத் திட்டு." அவர் மனைவி ரத்னம்மா மஞ்சள் தண்ணீரை மாதங்கியின் காலில் ஊற்றினாள். பம்பை அடிக்கும் அப்பாவு குனிந்து, "போன வருசத்தவிட இந்த வருசம் காரம் ஜாஸ்திக்கா" என்றான்.

சந்திரம்மா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். வேறு எவள் இதைச் சொல்லியிருந்தாலும் பஞ்சாயத்து கூடியிருக்கும். சொன்னவளை அடிக்கவாவது கூடியிருக்கும். இவள் வயிற்றெரிச்சலை மட்டும் பிரசாதமாக வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

"நாளைக்கு இன்னும் நாலு கெட்ட வார்த்தை சேத்துக்கோ" என்றாள் கிருஷ்ணம்மா, அன்று ராத்திரி.

"எவ்ளோ சேத்தாலும் அவனுக்கு ஆசீர்வாதம்தாண்டி."

கடைசி நாள். உச்சி வெயிலில் கரகம் தணிகாசலத்தின் வாசலுக்கு வந்தது. அவர் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். சந்திரம்மா மென்றுகொண்டிருந்த வேப்பிலையை விழுங்கினாள். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

பம்பை முழங்கி ஓய்ந்தது. அப்பாவு மறுபடி அடித்தான். அவள் உதடு அசையவில்லை.

"திட்டு தாயே" என்றார் தணிகாசலம், சிரித்தபடி. கொஞ்சம் பொறுத்து, சிரிக்காமல், "திட்டும்மா" என்றார்.

சந்திரம்மா அடுத்த வீட்டைப் பார்த்து ஓர் எட்டு வைத்தாள்.

ரத்னம்மா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "எங்க வூட்டத் தாண்டாத ஆத்தா. பேரப்புள்ளைங்க கீது."

கூட்டத்தின் கோபம் முதலில் அவள்மேல்தான் திரும்பியது. கரகத்தை வழியில் இறக்கக் கூடாது. சுமந்தவனுக்குக் கழுத்து நடுங்கியது. "இன்னா, திமிரா?" என்று ஒருவன் கையை ஓங்கினான்.

"மேல கைய வெக்காத. மாதங்கி மேல அடி வுழுந்தா ஊரே தாங்காது" என்றான் அப்பாவு. பிறகு தணிகாசலத்தைப் பார்த்து, "நீயே கேளு நைனா, இன்னா வோணும்னு" என்றான்.

அவர் கேட்டார். அவள் பிரம்பை எடுத்துக் கிழக்கே நீட்டினாள்.

முதல் நாள் அவள் கூவிச் சொன்னபோது புரியாதவர்களுக்கெல்லாம் இப்போது புரிந்தது.

"அது மெட்ராஸ்ல..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

"வாய மூடுய்யா. எந்த ஸ்டேட்டுன்னு கேட்டுக்கினா அம்மா வூட்டுக்குள்ள பூருவா?" என்றாள் ரத்னம்மா.

ஏரிக்கரை வழியாக ஊரே கிழக்கே நடந்தது. பண்ணையாட்கள் வேலியில் கை வைக்கப் போனபோது சந்திரம்மா பிரம்பைக் குறுக்கே போட்டாள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே முள்ளை இழுத்துப் போட்டார். முழங்கை வரை ரத்தம் கோடு கோடாக வந்தது. நாலு பக்கமும் திறந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். யாருக்கும் கொடுக்கிற வழக்கமான வசவு ஒன்றை மூச்சு விடாமல் சொல்லி, துப்பிவிட்டுத் திரும்பினாள்.

தெருவில் அடுத்தது நாகையாவின் வீடு. அவன் கும்பிட்டபடி வந்தான்.

"முள்ளு ஏத்திக்கினு போன வண்டி யாருதுடா?" என்றாள் சந்திரம்மா.

யாரும் சிரிக்கவில்லை. நாகையாவின் கைகள் இறங்கின. "அவுரு கேட்டாரு, குட்த்தேன். நான் இன்னா பண்ணட்டும்?" என்றான். மாதங்கியின் வசவுக்குப் பதில் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

"பதிலா சொல்றே? வேலி போடும்போது இந்த வாய் எங்கடா போச்சு?"

அதற்கு அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். சந்திரம்மா அங்கே போய்ப் பிரம்பால் தட்டினாள்.

"தொறங்கடா. வெய்யிலு எறங்கிக்கினு கீது."